இடியின் பெயரில் வந்த ஒற்றன்: போர், உளவு, மாந்திரீகம் கலந்த கதைகளும் பர்மாவும்

இரண்டாம் உலகப் போரில் உளவாளிகளோடு மந்திரவாதிகளும் களம் இறங்கும் கதைகளைப் படித்துவிட்டு வீட்டுப் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "இது நிஜமா நடந்ததா?" என்பதுதான். ஐரோப்பாவில் நடக்கும் கதை என்றால் பெரும்பாலும் "இல்லை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். பர்மாவில் நடக்கும் கதைக்கு அந்தப் பதில் போதாது. ஏனென்றால் இங்கே 1930லிருந்து 1948 வரை நடந்த நிஜ அரசியலிலேயே தாயத்தும் பச்சை குத்தலும் ஆரூடமும் ஜோசியமும் கலந்து கிடக்கின்றன. அதில் எது நடந்தது, எது வதந்தி, எது வேண்டுமென்றே கிளப்பிவிட்ட வதந்தி என்று பிரித்தால்தான் கதாசிரியர் எந்த இடத்தில் கை வைத்திருக்கிறார் என்பது புரியும்.

முதலில் சொற்கள்

1. மாற்று வரலாறு: ஒரு தேதி வரை எல்லாம் நடந்தபடியே நடக்கும். அந்தத் தேதியில் ஒன்று மட்டும் வேறு மாதிரி நடக்கும். பிறகு வருவதெல்லாம் அதன் விளைவு. அந்தத் தேதியைத் திருப்புமுனை என்று வைத்துக்கொள்வோம்.

2. மாயப் புனைவு: உலகம் இதேதான், ஆனால் மந்திரம் பலிக்கும்.

3. உளவுக் கதை: எதிரி மறைப்பதை அறிவது, நம் பொய்யை எதிரி நம்பும்படி செய்வது. துப்பாக்கிச் சண்டை சும்மா அலங்காரம்.

4. மாந்திரீகம்: மறைத்துக் கற்றுத்தரப்படும் வித்தைகள் எல்லாம் இதில் அடங்கும். ஜோசியம், ஏவல், தாயத்து, ரசவாதம், ஆவியை அழைப்பது.

இவை நான்கும் ஒரே கதையில் வந்து சேர்வதற்குக் காரணம் இருக்கிறது. உளவுத்துறையும் மாந்திரீகமும் விற்கும் சரக்கு ஒன்றுதான்: பிறருக்குத் தெரியாத தகவல். அந்தச் சரக்கை வாங்குகிறவரால் அதைச் சோதித்துப் பார்க்க முடியாது என்பதும் இரண்டுக்கும் பொது.

வள்ளுவர் இதைப் பார்த்திருக்கிறார். ஒற்றாடல் அதிகாரத்தில் ஒரு குறள், ஒற்றன் துறவி வேடத்தில் போய் ஆராய வேண்டும், பிடித்து என்ன செய்தாலும் தளரக் கூடாது என்கிறது. இன்னொரு குறள், ஒருவரை ஒருவர் அறியாதபடி மூன்று ஒற்றர்களை வை, மூவர் சொல்லும் ஒத்துப்போனால் மட்டும் நம்பு என்கிறது. இந்த இரண்டாவது விதியை ஜோசியர்களுக்குப் பொருத்திப் பாருங்கள். ஒரு தளபதி, ஒருவரை ஒருவர் அறியாத மூன்று சயாக்களிடம் (பர்மாவில் ஜோசியம், வைத்தியம் தெரிந்த ஆசான்களை இப்படி அழைப்பார்கள்) ஒரே கேள்வியைக் கேட்கிறார், மூவரும் ஒரே தேதியைச் சொல்கிறார்கள். ஜோசியம் பலிக்கிறதா, இல்லை யாரோ ஒருவன் முன்கூட்டியே மூன்று பேரையும் விலைக்கு வாங்கிவிட்டானா? இந்த வகைக் கதையின் சுவை முழுக்க இந்தச் சந்தேகத்தில் இருக்கிறது. முதல் அத்தியாயத்திலேயே நெருப்பு உருண்டை எறிந்து சந்தேகத்தைத் தீர்த்துவிடும் கதைகள் எனக்குச் சப்பென்று இருக்கும்.

ஐரோப்பா, சுருக்கமாக

நாஜி எஸ்.எஸ். படைத் தலைவர் ஹிம்லர் 1935இல் ஆனெனெர்பெ என்ற ஆய்வு அமைப்பைத் தொடங்கினார். ஹிம்லரின் ஆதரவோடு எர்ன்ஸ்ட் ஷேஃபர் தலைமையில் ஒரு குழு 1938-39இல் திபெத் போனது. கதைகளில் இவர்கள் பாதாள நகரத்தைத் தேடுவார்கள். நிஜத்தில் பறவைகளையும் விலங்குகளையும் சேகரித்தார்கள், மனிதர்களின் தலையை அளந்து தங்கள் இனவாதத்துக்குக் கணக்கு எழுதினார்கள்.

1941 மே 10 அன்று ஹிட்லரின் துணைத்தலைவர் ருடால்ஃப் ஹெஸ் தனியாக விமானம் ஓட்டிக்கொண்டு ஸ்காட்லாந்து போய் இறங்கினார். பழி ஜோசியத்தின் மேல் விழுந்தது. ஜெர்மனி தன் ஜோசியர்களைப் பிடித்து உள்ளே போட்டது. அதே ஆண்டு பிரிட்டனின் ரகசிய நடவடிக்கைப் பிரிவு லூயி டி வோல் என்ற ஜோசியரை அமெரிக்காவுக்கு அனுப்பியது. ஹிட்லரின் கிரகம் சரியில்லை என்று அங்கே பேசிப் பரப்புவதுதான் அவர் வேலை.

அங்கே யாருடைய மந்திரமும் பலிக்கவில்லை. மந்திரத்தை நம்புகிறவர்களை வைத்துத்தான் காரியம் நடந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு பர்மாவுக்கு வருவோம்.

தோட்டா துளைக்காத உடம்பு

1930 டிசம்பரில் தாராவதியில் சயா சான் கிளர்ச்சி தொடங்கியது. சயா சான் ஒரு காலத்தில் துறவியாக இருந்தவர், நாட்டு வைத்தியம் செய்தவர். கருடனைச் சின்னமாக வைத்துத் தன்னை அரசனாக முடிசூட்டிக்கொண்டார். அவர் ஆட்கள் பச்சை குத்திக்கொண்டார்கள், தாயத்து கட்டிக்கொண்டார்கள், தோட்டா துளைக்காது என்று நம்பினார்கள். எதிரே இயந்திரத் துப்பாக்கி இருந்தது. 1931 நவம்பரில் சயா சான் தூக்கிலிடப்பட்டார், அவர் ஆட்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களும் தூக்குமேடை ஏறினார்கள். சயா சானுக்காக வழக்காடிய பா மோதான் பிற்பாடு ஜப்பானியர் காலத்தில் நாட்டுத் தலைவரானார்.

இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கினால் பாதிக் கதை போய்விடும். நெல் விலை சரிந்தது, வரி குறையவில்லை, கடன் ஏறிக்கொண்டே போனது. அந்தக் கடனில் பெரும் பங்கு செட்டியார் பெட்டியடிகளில், அதாவது வட்டிக்கடைகளில், வாங்கியது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீத விளைநிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1938க்குள் அது சுமார் 25 சதவீதம் ஆனது, கடன் திரும்பாமல் நிலமாக வந்து சேர்ந்தது. ஆக அந்தத் தாயத்தின் மறுமுனையில் நாமும் இருக்கிறோம். தமிழில் யாராவது இந்தக் காலத்தை வைத்துக் கதை எழுதினால் இந்த இடத்தைத் தாண்டிக் குதிக்கக் கூடாது.

போ மோஜோ

1940இல் மினாமி மசுயோ என்ற ஜப்பானியப் பத்திரிகையாளர் ரங்கூன் வந்தார். உண்மையில் அவர் சுசுகி கெய்ஜி, ஜப்பானிய ராணுவத்தின் கர்னல். 1941 பிப்ரவரியில் மினாமி கிகான் என்ற ரகசிய அமைப்பை அவர் தலைமையில் உருவாக்கினார்கள். பர்மா இளைஞர்களை ரகசியமாக வெளியே கொண்டுபோய் ஹைனான் தீவில் ஆயுதப் பயிற்சி கொடுத்தார்கள். பின்னாளில் பர்மா விடுதலைப் போராட்டத்தின் தலைவரான ஆங் சானும் அதில் ஒருவர். அவர்கள்தான் பின்னாளில் முப்பது தோழர்கள் எனப்பட்டவர்கள். 1941 டிசம்பரில் பாங்காக்கில் பர்மா விடுதலைப் படை உருவானபோது கையைக் கீறி, ரத்தத்தை ஒரு கிண்ணத்தில் சேர்த்து, எல்லாரும் குடித்துச் சத்தியம் செய்தார்கள். கதையில் எழுதினால் "மிகைப்படுத்தல்" என்பார்கள், ஆனால் நடந்தது.

அப்புறம் பெயர்கள். ஆளாளுக்கு ஒரு போர்ப்பெயர் வைத்துக்கொண்டார்கள். ஆங் சான் போ தேசா ஆனார், பின்னாளில் நாட்டை ஆண்ட ஷூ மாவுங் போ நே வின் ஆனார். சுசுகி எடுத்துக்கொண்ட பெயர் போ மோஜோ, அதாவது இடித் தளபதி.

ஏன் இடி? பர்மாவில் தபாங் என்றொரு வழக்கம் உண்டு, யார் சொன்னது என்று தெரியாமல் ஊருக்குள் சுற்றும் ஆரூடப் பாட்டு. அப்படி ஒன்று முன்பே வழக்கில் இருந்தது: ஏரியில் ஹம்சம் இறங்கும், வேடன் அதை எய்வான், வேடனைக் குடைக்கம்பு அடித்து வீழ்த்தும், குடைக்கம்பை இடி முறிக்கும். ஹம்சம் மோன் அரசு, வேடன் அதை வீழ்த்திய அலாங்பயாவின் வம்சம், குடைக்கம்பு அந்த வம்சத்தை முடித்த வெள்ளைக்காரன் என்று ஊரார் பொருள் சொல்லி வைத்திருந்தார்கள். கடைசி வரி மட்டும் ஆள் இல்லாமல் காலியாகக் கிடந்தது. சுசுகி அந்தக் காலி நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

போதாததற்கு, நாடுகடந்து போன பர்மிய அரச வம்சத்து மின்குன் இளவரசரின் மகன்தான் இந்தப் போ மோஜோ, பரம்பரைச் சொத்தை மீட்க வந்திருக்கிறார் என்று ஒரு பேச்சும் பரவியது. டோக்கியோவிலிருந்து வந்த ஓர் அந்நிய அதிகாரி இப்படியாக அரச ரத்தம் உள்ளவராகவும் ஆரூடத்தின் நாயகனாகவும் கிராமங்களுக்குள் நடந்து போனார். ஒரு மந்திரமும் ஓதவில்லை. ஊரின் நம்பிக்கையைப் படித்து, அதில் எந்த இடம் காலியாக இருக்கிறது என்று கண்டுபிடித்ததுதான் உளவு வேலை.

இங்கே மாற்று வரலாறு எழுதுகிறவருக்கு வேண்டியது ஒரே ஒரு மாற்றம்: அந்த ஆரூடம் உண்மையாகவே பலிக்கும் என்று வையுங்கள். சுசுகி பொய்யாக எடுத்த பெயர் அவரைப் பிடித்துக்கொள்கிறது. குடைக்கம்பை முறித்த பிறகு இடிக்கு என்ன வேலை? பாட்டில் அடுத்த வரி இல்லை. யாராவது ஒருவர் அடுத்த வரியை எழுதினால் அதுவும் நடக்கும். எழுதும் உரிமைக்காக லண்டன், டோக்கியோ, தக்கின்கள் எனப்பட்ட பர்மிய தேசியவாதிகள் என்று மூன்று தரப்பு அடித்துக்கொள்ளும். நல்ல கதை.

சித்தரும் வெய்ஸாவும்

கதைக்கு மாந்திரீக அமைப்பு ஒன்று வேண்டும் என்றால் ஐரோப்பியப் பேய்நூல்களைக் கடன் வாங்க வேண்டியதில்லை. பர்மிய நம்பிக்கையில் வெய்ஸா என்பவர் ரசவாதம், சக்கரம் வரைதல், மூலிகை, தியானம் இவற்றால் ஆயுளை நீட்டிக்கொண்டு மைத்ரேய புத்தர் வரும்வரை காத்திருப்பவர். போ போ ஆங், போ மின் காங் படங்களை ரங்கூன் டீக்கடைகளில்கூடப் பார்க்கலாம். பாதரசத்தைக் கட்டி உருண்டையாக்குவது அந்த வித்தைகளில் ஒன்று. நம் சித்தர் மரபின் ரசமணியும் அதேதான். போப்பா மலையில் ஒரு வெய்ஸாவும் பழனிமலைச் சித்தர் வழியில் வந்த ஒரு தமிழரும் சந்தித்தால் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே பாதிப் பாடம் நடந்துவிடும்.

இன்னொன்று. பர்மியர்கள் மேல்வழி சயா, கீழ்வழி சயா என்று பிரிப்பார்கள். முன்னவர் சூனியத்தை எடுப்பவர், பின்னவர் வைப்பவர். உளவும் எதிர் உளவும் ஏற்கெனவே பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது, கதாசிரியர் இலாகா பெயர் மட்டும் வைத்தால் போதும். நாட் தேவதைகளையும் நம் முனீஸ்வரனையும் எப்படிச் சேர்ப்பது என்று கவலைப்படவும் வேண்டாம், இந்த ஊர்த் தமிழ்க் கோயில்களில் பர்மியர்கள் வந்து கும்பிடுவது எல்லாரும் பார்ப்பதுதான்.

தமிழர் எந்த வேடத்தில் வருவார்?

பெரும்பாலான கதைகளில் நாம் பின்னணியில் மூட்டை தூக்கிக்கொண்டு போவோம், அவ்வளவுதான். இத்தனைக்கும் 1931 கணக்கெடுப்பில் ரங்கூனின் சுமார் 4 லட்சம் பேரில் பாதிக்கு மேல் இந்தியர்கள். உளவுக்கு நம்மிடம் இருந்த நிஜமான வசதிகளைப் பாருங்கள்:

1. செட்டியார் பெட்டியடி வலை. சைகோன், பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு, ரங்கூன், அங்கிருந்து காரைக்குடி. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஒழுங்கான வரிசை, நம்பிக்கையின் பேரில் கடல் தாண்டி நகரும் உண்டியல் எனும் பணச் சீட்டு, வெள்ளைக்காரனோ ஜப்பானியனோ படிக்க முடியாத பேரேடு. இதைவிடச் சிறந்த ரகசியத் தபால் எந்த உளவுத்துறையிடமும் இருந்திருக்காது.

2. மேஸ்திரி. துறைமுகத்திலும் ஆலையிலும் எத்தனை கூலி, எந்தக் கப்பலுக்கு, எத்தனை மணிக்கு என்பது அவருக்கு முதலில் தெரியும்.

3. ஆசாத் ஹிந்த், அதாவது நேதாஜியின் இடைக்கால இந்திய அரசு. 1944 ஜனவரியில் நேதாஜி தன் தலைமையகத்தை ரங்கூனுக்கு மாற்றினார், ஏப்ரலில் ஆசாத் ஹிந்த் வங்கி இங்கே திறந்தது. அதன் படையான இந்திய தேசிய ராணுவத்தில் மலேயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் சேர்ந்த தமிழர்கள் ஏராளம். அதற்கு முன்பே 1942இல் பினாங்கில் பயிற்சி பெற்ற ஒற்றர்கள் நீர்மூழ்கியில் கேரளக் கரைக்குப் போய் இறங்கிப் பிடிபட்டார்கள். அவர்களில் ஒருவரான வக்கம் அப்துல் காதர் 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

மழை யார் பக்கம்?

மந்திரக் கதை எழுதுகிறவர்கள் அடிக்கடி தவறவிடும் விஷயம், மந்திரம் போரின் நிஜமான முடிச்சைத் தொட வேண்டும் என்பது. பர்மாப் போரின் முடிச்சு பீரங்கி இல்லை, மழை.

1944 மார்ச்சில் ஜப்பானிய ஜெனரல் முத்தகுச்சியின் 15ஆம் படை இம்பால், கோஹிமா நோக்கிப் புறப்பட்டது. சுமார் மூன்று வாரத்துக்கான சாப்பாடுதான் கையில். பருவமழைக்கு முன் இம்பாலைப் பிடித்து, அங்கிருக்கும் பிரிட்டிஷ் கிடங்குகளில் சாப்பிடுவது திட்டம். இம்பால் விழவில்லை. மழை பிடித்துக்கொண்டது. ஜூலையில் பின்வாங்கியபோது சுமார் 85,000 பேரில் 53,000க்கும் மேல் செத்தோ காணாமலோ காயப்பட்டோ போயிருந்தார்கள், பசியும் நோயும் குண்டைவிட அதிகம் கொன்றன. கூடவே போன இந்திய தேசிய ராணுவத்து வீரர்களுக்கும் அதே பாதைதான், அதே சேறு, அதே மலேரியா.

ஆகவே அந்த ஆண்டு பர்மாவில் மிக விலை உயர்ந்த மந்திரம் எது என்றால், மழையை மூன்று வாரம் தள்ளிப்போடும் மந்திரம். டோக்கியோ அதற்கு என்ன விலையும் கொடுக்கும். லண்டன் மழையை முன்கூட்டியே இறக்கும் மந்திரத்துக்குக் கொடுக்கும். இப்போது மரபைப் பாருங்கள்: பர்மியக் கிராமங்களில் மழை வேண்டி வடம் இழுக்கிறார்கள். நம் ஊரில் கொடும்பாவி கட்டித் தெருத்தெருவாக இழுத்து ஒப்பாரி வைக்கிறோம். இரண்டுமே மழையை வரவழைக்கும் சடங்குகள்! மரபு முழுக்க, கேட்காமலேயே, பிரிட்டிஷ் பக்கம் சாய்ந்திருக்கிறது.

பெகு பக்கம் ஒரு தமிழ்க் குடியிருப்பு, கிணறு வற்றிப்போய் ஏப்ரலில் கொடும்பாவி இழுக்கிறது என்று கதை எழுதுங்கள். மழை வந்துவிடுகிறது. அந்த மழையில் இம்பால் மலையில் மாட்டிக்கொண்டவன் அதே வீட்டுப் பிள்ளை, நேதாஜி படையில் சேர்ந்தவன். பிரிட்டிஷ் கையாள் ஒருவன் வந்து, "இன்னொரு தடவை இழுங்கள், ஆளுக்கு ஒரு மூட்டை அரிசி" என்கிறான். மாந்திரீகம், உளவு, போர் மூன்றும் ஒரே இடத்தில் முடிச்சுப் போடுவது இப்படித்தான்.

நிஜத்திலும் ஏமாற்று வேலைக்குக் குறைவில்லை. 1942 ஏப்ரல் கடைசியில் பீட்டர் ஃபிளெமிங் என்ற பிரிட்டிஷ் அதிகாரி, இந்தியாவின் தலைமைத் தளபதி வேவலின் பையில் பொய்க் காகிதங்களைத் திணித்து, ஆவா பாலத்தருகே விபத்தானது போல விட்ட காருக்குள் வைத்துவிட்டு வந்தார். 1945 தொடக்கத்தில் பிரிட்டிஷ் ஜெனரல் ஸ்லிம்மின் 4ஆம் படைப்பிரிவு ஐராவதியின் தென்பக்கம் மெய்க்டிலா நோக்கி நகர்ந்தபோது, அது பழைய இடத்திலேயே இருப்பதுபோல ஒரு போலித் தலைமையகம் வானொலியில் பேசிக்கொண்டே இருந்தது. ஆவிப்படை என்றே சொல்லலாம்.

ரங்கூன் விழாமல் இருந்திருந்தால்?

நம்மவர்கள் கேட்கும் மாற்று வரலாறு இதுதான். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்தது, 1942 மார்ச்சில் நகரம் கைவிடப்பட்டது. சுமார் 4 முதல் 5 லட்சம் இந்தியர்கள் கிளம்பினார்கள், பெரும்பாலோர் கால்நடையாக, பல்லாயிரம் பேர் வழியிலேயே இறந்தார்கள். ஒரு மந்திரம் ரங்கூனைக் காப்பாற்றியது என்று வைத்தால் விளைவுகள் வரிசையாக வரும்:

1. அந்த நடைப்பயணம் இல்லை.
2. சீனாவுக்கு பர்மா சாலை வழியாகச் சரக்கு போய்க்கொண்டே இருக்கும்.
3. வங்காளத்துக்கு பர்மா அரிசி நிற்காது. 1943 பஞ்சத்தின் காரணங்களில் ஒன்று குறையும், ஒன்றுதான். மற்றவை அப்படியே இருக்கும்.
4. பர்மாவில் தமிழர் தொகை குறையாது.

நாலாவதோடு நிறுத்திக்கொண்டு "எல்லாரும் சுகமாக இருந்தார்கள்" என்று எழுதுவது சோம்பேறித்தனம். முக்கிய நெல் மாவட்டங்களில் நான்கில் ஒரு பங்கு நிலம் அந்நியர் கையில் இருக்கும் நாட்டில் அந்தக் கோபம் எங்கே போகும்? 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் இந்தியக் கூலிகள் வெட்டுப்பட்டபோது ஜப்பானியர் யாரும் வந்திருக்கவில்லை. திருப்புமுனையை மாற்றலாம், அதற்கு முன் சேர்ந்த கடனை மாற்ற முடியாது. 1964 வாக்கில் கடைகள் அரசுடைமையாகி லட்சக்கணக்கானவர்கள் கப்பல் ஏறியது வேறு தேதியில், வேறு வடிவில் வந்திருக்கும் என்பது என் கணிப்பு.

எங்கே கோடு போட வேண்டும்

தன்பியூசயாட்டிலிருந்து சயாம் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை, 1942-43. மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள், பர்மியர்கள், போர்க்கைதிகள் எனப் பல்லாயிரக்கணக்கானவர்கள் அதில் செத்தார்கள். மலேயாத் தமிழரில் பெரும்பாலோருக்குக் கல்லறைக்கூடக் கிடையாது. அந்தப் பாதைக்குக் காவு கேட்ட பேய் ஒன்று இருந்தது என்று எழுதுவது மிகச் சுலபம். ஆனால் அப்படி எழுதிய மறுநிமிடம் தேதி குறித்து, கூலிக்கணக்கு எழுதி, மருந்தை நிறுத்தி வைத்த மனிதர்கள் தப்பிவிடுகிறார்கள். பேயைக் கொண்டுவாருங்கள், ஆனால் கையெழுத்து மனிதனுடையதாக இருக்கட்டும். யூதர்களைக் கொன்றதைச் சாத்தானின் கணக்கில் எழுதும் ஐரோப்பியக் கதைகள் மேல் எனக்குள்ள புகாரும் இதேதான்.

அடிக்கடி வரும் கேள்விகள்

1. 1944இல் பிரிட்டனில் ஒரு பெண்ணைச் சூனியக்காரி என்று சிறையில் போட்டார்களா? பாதி உண்மை. ஹெலன் டங்கன் ஆவிகளோடு பேசுவதாகச் சொன்னவர், பார்ஹம் போர்க்கப்பல் மூழ்கிய செய்தி வெளிவரும் முன்பே அது பற்றிப் பேசினார் என்ற பெயர் அவருக்கு இருந்தது. 1735ஆம் ஆண்டுச் சூனியச் சட்டத்தில் ஒன்பது மாதம் உள்ளே இருக்கத் தீர்ப்பு. ஆனால் அந்தச் சட்டப்படி குற்றம் சூனியம் இல்லை, ஆவியை அழைப்பதாகப் பாசாங்கு செய்வது.

2. போ மோஜோ நிஜமாகவே இளவரசர் மகனா? இல்லை. 1942 நடுவிலேயே ஜப்பான் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டது.

3. பர்மா சுதந்திரத்துக்கு ஜோசியர்கள் நேரம் குறித்தார்களா? ஆமாம். 1948 ஜனவரி 4, விடியற்காலை 4.20.

4. 45 கியாட், 90 கியாட் நோட்டு கதைதானே? இல்லை, நிஜம். முப்பது தோழர்களில் ஒருவரான நே வின் 1987இல் 25, 35, 75 கியாட் நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்து, தனக்கு ராசியான எண் என்று நம்பிய ஒன்பதால் வகுபடும் 45, 90 நோட்டுகளைக் கொண்டுவந்தார். பழைய நோட்டுக்கு மாற்றுப் பணம் தரவில்லை. வீட்டில் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு அத்தனையும் போனது, 1988இல் தெருவுக்கு வந்த கோபத்தில் இதுவும் ஒரு பங்கு.